பிரையன் போருவின் குடும்ப மரம்: பெண்வழிக் கோடுகளை எங்கே போடுவது?

#1 செங்கழுநீர்

அயர்லாந்தின் பேரரசர் பிரையன் போருவுக்கு (இறப்பு 1014) ஒரு வம்சாவளிப் படம் தயாராகிறது. பாட்டனார் லோர்கனில் ஆரம்பித்து, கொள்ளுப்பேரன் முர்ஹெர்தக் (இறப்பு 1119) வரை ஆறு தலைமுறை. ஆண்வழி சிக்கலில்லை: லோர்கன், கென்னேட்டி, பிரையன், டைக், டர்லோ, முர்ஹெர்தக். நேராக ஒரு தண்டு மாதிரி இறங்குகிறது.

அதைச் சுற்றிக் கிளை போட ஆரம்பித்தால்தான் குழப்பம். மூன்று இடங்களில் நிற்கிறேன்.

ஒன்று, பிறந்த ஆண்டு. சிலர் 926 என்கிறார்கள், சிலர் 941. பதினைந்து வருட வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

இரண்டு, டப்ளின் அரசன் சிட்ரிக். மருமகன் என்று ஒரு கட்டம், மனைவி கோர்ம்லாவின் மகன் என்று இன்னொரு கட்டம். ஒரே ஆளுக்கு இரண்டு கட்டமா?

மூன்று, மாஹன் என்ற பெயர். பிரையனின் அண்ணனும் மாஹன், பேரனும் மாஹன். பேரன் எந்தப் பக்கத்துப் பேரன் என்பதில் தெளிவில்லை.

பெயர்களை இன்றைய ஐரிஷ் உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் யாராலும் வாசிக்க முடியாது.

#2 ஓலைமாறன்

முதலில் பெயர் இலக்கணம். இது தெரியாமல் கோடு போட்டால் பாதி தப்பாகும்.

"மாக்" என்றால் மகன், "இன்யென்" என்றால் மகள், "உவா" என்றால் பேரன். "உவா" பன்மையில் "ஈ" ஆகும். அப்போது பொருள் வழித்தோன்றல்கள், அதாவது குடிப்பெயர். ஈ நேல் என்றால் நேலின் வழிவந்தோர். பத்தாம் நூற்றாண்டு ஆண்டேடுகளில் (மடத்துத் துறவிகள் ஆண்டுவாரியாக எழுதிய குறிப்புகள்) "உவா" இருந்தால் பெரும்பாலும் நிஜமான பேரன்தான். பதினோராம் நூற்றாண்டில் அது கெட்டிப்பட்டுக் குடும்பப் பெயராகிறது.

உங்கள் படத்திலேயே அந்த மாற்றம் கண்முன் நடக்கிறது. டர்லோ உவா பிரியன், பிரையனின் சொந்தப் பேரன். பெயரும் பொருளும் ஒத்துப்போகின்றன. அவர் மகன் முர்ஹெர்தக்குக்கும் அதே "உவா பிரியன்". அவர் பேரன் இல்லை, கொள்ளுப்பேரன். அந்த இடத்திலிருந்து அது ஓ'பிரையன் என்ற குடும்பப் பெயர். முர்ஹெர்தக்குக்குப் பிறகு வரும் எந்த "உவா"வையும் வைத்துத் தலைமுறை எண்ணாதீர்கள்.

அடுத்தது "மால்". மால் செக்னல், மால் மோர்தா, மால் முவத் என்று வரிசையாக வருவார்கள். மூவரும் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொள்வது வழக்கமான பிழை. "மால்" என்றால் தலை மழித்தவன். துறவி மாதிரி மழித்துக்கொண்டு ஒரு புனிதருக்கு ஆட்பட்டவன் என்ற பொருளில் பெயரின் முன்னால் வரும். மால் செக்னல் என்றால் செக்னல் என்ற புனிதரின் அடியான். நம் தாசன், அடிமை என்று முடியும் பெயர்கள் போல. தகப்பன் பெயரோடு சம்பந்தமே இல்லை.

பிரையனின் எழுத்தர் மால் சுஹன் தன் பெயரை லத்தீனில் மொழிபெயர்த்தே கையெழுத்திட்டார்: கால்வுஸ் பெரென்னிஸ். நேர்பொருள், நிரந்தர வழுக்கையன். 1005-இல் பிரையன் அர்மா போனபோது அந்த மடத்தின் பழைய சுவடியில் அவர் கண்ணெதிரே எழுதப்பட்ட பதிவு அது. பிரையனை "ஐரிஷ்காரர்களின் பேரரசர்" என்று லத்தீனில் குறிப்பதும் அதே பதிவுதான்.

#3 கடலோரம்

வருஷக் கணக்கை நான் எடுத்துக்கறேன்.

ஆண்டேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அல்ஸ்டர் ஆண்டேடு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் ஒரு வருஷம் பின்னாடி ஓடும். சுவடியிலேயே பிற்காலக் கை ஒண்ணு பக்கத்தில் திருத்தி எழுதியிருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் தொகுத்த நால்வர் ஆண்டேடு, பிரையன் செத்த குளோன்டார்ஃப் போரையே 1013-இல் போட்டு வெச்சிருக்கு. ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பார்த்துட்டு "ரெண்டு போர் நடந்ததோ" என்று கேட்பவர்கள் உண்டு.

சரிபார்க்க வழி இருக்கு. போர் நடந்தது புனித வெள்ளி, ஏப்ரல் 23. எந்த வருஷத்தில் ஏப்ரல் 23 புனித வெள்ளியாக வரும்?

1014-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 7. ஒண்ணு கூட்டினால் 8. பழைய ஈஸ்டர் அட்டவணையில் எட்டாம் ஆண்டின் பாஸ்கா முழுநிலவு (இதுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர்) ஏப்ரல் 18. அந்த வருஷம் ஏப்ரல் 18 ஞாயிற்றுக்கிழமை. முழுநிலவு ஞாயிறிலேயே விழுந்தால் ஈஸ்டர் அடுத்த ஞாயிறு, அதாவது 25. ரெண்டு நாள் பின்னால் போனால் வெள்ளி 23. பொருந்துது.

1013-க்கு அதே கணக்கு: மீதி 6, ஏழாம் ஆண்டு, முழுநிலவு மார்ச் 30 திங்கள், ஈஸ்டர் ஏப்ரல் 5, புனித வெள்ளி ஏப்ரல் 3. பொருந்தலை. கதை முடிஞ்சது.

அல்ஸ்டர் ஆண்டேடு இதைத் தானாகவே சொல்லுது. 1014-க்கான பதிவு "பத்தொன்பது ஆண்டுச் சுழலின் எட்டாம் ஆண்டு" என்றுதான் ஆரம்பிக்கும். "சின்ன ஈஸ்டர் இந்த ஆண்டு கோடையில் வந்தது, முன்னோர் காலத்திலிருந்து கேள்விப்படாதது" என்றும் எழுதியிருக்கார் அந்தத் துறவி. ஐரிஷ் கணக்கில் கோடை மே 1-இல் பிறக்கும். சின்ன ஈஸ்டர் என்பது ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, அது மே 2. ஈஸ்டர் விழக்கூடிய கடைசித் தேதியே ஏப்ரல் 25 என்பதால் இப்படி ஆச்சு. அவர் ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருக்கு.

பிறந்த வருஷத்துக்கு வர்றேன். நால்வர் ஆண்டேடு பிரையன் 88-ஆம் வயதில் செத்தார் என்கிறது. அதிலிருந்து வருவது 926. அல்ஸ்டர் ஆண்டேட்டின் பிறப்புக் குறிப்பிலிருந்து வருவது 941. என் ஓட்டு 941-க்கு. ஆனாலும் அந்தக் குறிப்பு பிறந்த அன்னைக்கே எழுதினது என்று நினைக்க வேண்டாம். ஒரு சிற்றரசனின் கடைசி மகன்களில் ஒருத்தன் பிறந்ததை அல்ஸ்டர் பக்கத்துத் துறவி யாரும் உட்கார்ந்து எழுத மாட்டார். பெரிய ஆளான பிறகு நுழைத்ததாகத்தான் இருக்கும்.

#4 செங்கழுநீர்

அருமை, நன்றி. ஒரு சந்தேகம். மூத்த மகன் முரஹா குளோன்டார்ஃபில் சாகும்போது வயது 63 என்று படித்தேன். அப்படியானால் பிறப்பு 951. பிரையன் பிறப்பு 941 என்றால் பத்து வயதில் அப்பாவா?

#5 கடலோரம்

அதே நால்வர் ஆண்டேடுதான் அந்த 63-ஐயும் தருது. 88, 63 ரெண்டும் ஒரே கையிலிருந்து வந்த ஜோடி. ஒண்ணை எடுத்தால் இன்னொண்ணையும் எடுக்கணும், விட்டால் ரெண்டையும் விடணும். 941-ஐயும் 63-ஐயும் ஒரே படத்தில் போட்டுடாதீங்க, இணையத்தில் பாதிப் படங்களில் இருக்கிற பிழை அது.

முரஹாவின் மகன் டர்லோ (தண்டில் வர்ற டர்லோ இல்லை, இவன் வேற) பதினைந்து வயதில் அதே போரில் இறந்தான் என்பதும் அங்கேதான் இருக்கு. 63 வயது தகப்பனுக்கு 15 வயது மகன் நடக்காததில்லை. ஆனால் தகப்பனுக்கு நாற்பத்து சொச்சம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் இயல்பாக இருக்கு.

#6 தேன்மொழி

வயசுக்கணக்கு நல்லாயிருக்கு. ஆனா இந்தப் படத்தின் உண்மையான சிக்கல் வேற இடத்துல இருக்குங்க. செங்கழுநீர் ஆண்வழியைத் தண்டாகவும் பெண்களைக் கிளையாகவும் போட்டிருக்கார். இந்தக் குடும்பத்துல எதற்காக யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால் பதில் எல்லாம் பெண்வழிக் கோட்டில்தான் இருக்கு. மனைவிகளைத் தனி நெடுவரிசையாகப் போடுங்க, ஒவ்வொருத்தருக்கும் பிறந்த வீட்டைச் சேர்த்து.

மோர்: தெற்குக் கொனாக்டின் (கொனாக்ட் அயர்லாந்தின் மேற்குப் பகுதி) ஐட்னி நாட்டு எய்டினின் மகள். பிள்ளைகள் முரஹா, கொனர், ஃப்ளான்.

எக்ரா: கார்லுஸின் மகள். மகன் டைக். இன்றைய ஓ'பிரையன்களின் தண்டு இவள் வயிற்றிலிருந்துதான் இறங்குது. ஆனால் கோர்ம்லா பேரைத் தெரிந்த அளவுக்கு இவள் பேர் யாருக்கும் தெரியாது.

கோர்ம்லா: லைன்ஸ்டர் (அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதி) அரசன் முரஹா மாக் ஃபின்னின் மகள், மால் மோர்தாவின் உடன்பிறப்பு. மகன் டொனஹா. முதலில் டப்ளினின் ஓலாஃப் குவாரனுக்கு மனைவி. அந்தத் தாரத்து மகன்தான் சிட்ரிக். "குவாரன்" என்றால் செருப்பு, பட்டப்பெயர். ஓலாஃப் 980-இல் தாரா போரில் தோற்று, அயோனா மடத்துக்குப் போய் 981-இல் இறந்தார்.

டூ கொவ்லி: கொனாக்ட் அரசன் காஹலின் மகள். 1009-இல் இறந்தாள்.

ஆக நான்கு திருமணத்தில் இரண்டு கொனாக்டில். பிரையனின் அம்மா பேவினும் மேற்குக் கொனாக்ட் அரசன் மகள்தான். ஷனான் ஆற்றுக்கு மேற்கே பெண் எடுப்பது இந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். அவர்கள் ஊர் கில்லலோ ஷனான் கரையில்தானே இருக்கு. அங்கிருந்து வடக்கே போனால் கொனாக்ட்.

ஒரே சமயத்தில் எத்தனை மனைவி என்று கோடு போட வேண்டாம். பழைய ஐரிஷ் சட்டத்தில் முதல் மனைவிக்கு மேல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு, விலகிப் போகவும் இடம் உண்டு. யார் சொத்து கொண்டுவந்தார் என்பதை வைத்தே திருமணத்தை வகை பிரித்திருக்கிறார்கள். திருச்சபை முகம் சுளித்தது, அரசர்கள் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு கோடு விட்டுப்போயிருக்கு. பிரையனின் அக்கா ஓர்லா. தாராவின் அரசன் டொனஹா டோனுக்கு மனைவி. கணவனின் மகன் ஏங்கஸோடு தொடர்பு என்று குற்றம் சாட்டி கணவனே 941-இல் அவளைக் கொன்றான். பிரையன் பிறந்ததாகச் சொல்லும் அதே ஆண்டு. பிரையன் எங்கிருந்தோ முளைத்த ஆள் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு கட்டம் போதும்: அவர் பிறக்குமுன்பே அந்த வீடு வடக்கத்திய பேரரசர் வீட்டில் பெண் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

#7 புதுக்கரை

எல்லாம் சரி. ஆனால் பிரையன் வைக்கிங்குகளை அயர்லாந்தை விட்டு விரட்டிய மாவீரர். அதை விட்டுவிட்டு யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று பேசுவது கிசுகிசு மாதிரி இருக்கே?

#8 கடலோரம்

விரட்டலை. குளோன்டார்ஃப் முடிஞ்சு இருபத்திரண்டு வருஷம், 1036 வரைக்கும், அதே சிட்ரிக் டப்ளினில் அரசனாக இருந்தான். 1028-இல் ரோமாபுரி யாத்திரை போய்வந்து டப்ளினில் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தை நிறுவினதும் அவன்தான். 1042-இல்தான் இறந்தான். அயர்லாந்தில் முதன்முதலில் வெள்ளிக் காசு அடித்தவனும் அவனே, 997 வாக்கில்.

1014-இல் யார் எந்தப் பக்கம் என்று பாருங்க.

எதிர்ப்பக்கம்: லைன்ஸ்டர் அரசன் மால் மோர்தா, பிரையனின் மைத்துனன். டப்ளின் சிட்ரிக், பிரையனின் மருமகன். மகள் ஸ்லானியைக் கட்டினவன். மால் மோர்தாவுக்கு சிட்ரிக் உடன்பிறந்தாள் மகன், அதனால் தாய்மாமன் பக்கம் நின்றான். கூடவே கடல் தாண்டி ஓர்க்னி தீவுகளிலிருந்து சிகுர்ட் படையோடு வந்தான்.

பிரையன் பக்கம்: அவருடைய தெற்கு நாடான மன்ஸ்டரின் படை, தெற்குக் கொனாக்டிலிருந்து ஐட்னி அரசன், ஈ மேன் அரசன். ஐட்னி யார்? மூத்த மனைவி மோரின் பிறந்தகம்.

பெரும்பகுதி ஐரிஷ்காரர்களுக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் நடந்த சண்டை. ரெண்டு பக்கமும் மனைவி வீட்டார். தேன்மொழி சொன்ன நெடுவரிசையைப் போட்டால் படை அணிவகுப்பே அதில் தெரியும்.

சிட்ரிக் போரில் இறங்கவில்லை, கோட்டைக்குள் இருந்தான். மால் மோர்தா செத்தான், சிகுர்ட் செத்தான். பிரையன், மகன் முரஹா, பேரன் டர்லோ என்று மூணு தலைமுறை ஒரே நாளில். படத்தில் அந்த மூணு பேருக்கும் ஒரே அடையாளம் போடுங்க, தேதியோட. 1861-இல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் சாமுவேல் ஹாட்டன் அந்த நாளின் கடலேற்றத்தைக் கணக்குப் போட்டார்: காலை 5:30, மாலை 5:55. தப்பி ஓடினவர்கள் கப்பலுக்குப் போக முடியாமல் ஏறின கடலில் மூழ்கினார்கள் என்ற பழைய வருணனைக்கு அது ஒத்துவருது.

#9 புதுக்கரை

ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் கோர்ம்லாதான் மூட்டிவிட்டாள் என்பதும் சரிதானே? நார்ஸ் கதைகளில் அவள் பெரிய சூழ்ச்சிக்காரி.

#10 தேன்மொழி

அந்தக் கதைகள் இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஐஸ்லாந்தில் எழுதினவை. போர் நடந்த காலத்துப் பதிவில் அவள் சூழ்ச்சி பற்றி ஒரு வரி கிடையாது. 1030-இல் இறந்தாள் என்று ஆண்டேடு சொல்கிறது, யார் மகள், யாருக்கெல்லாம் அம்மா என்று. அவ்வளவுதான்.

அவள் தாரா அரசன் மால் செக்னலையும் மணந்தாள் என்று "மூன்று தாவல் தாவினாள்" என்கிற பாட்டை வைத்துச் சொல்வார்கள்: டப்ளினில் ஒன்று, தாராவில் ஒன்று, கேஷலில் ஒன்று. பாட்டு பிற்காலத்தது. புள்ளிக்கோடு போட்டால் போதும், அழுத்தக்கோடு வேண்டாம்.

லைன்ஸ்டர்காரர்கள் எழுந்ததற்குப் பெண் மூட்டிவிட வேண்டிய அவசியமே இல்லை. 999 டிசம்பரில் கிளென்மாமாவில் பிரையன் அவர்களை நொறுக்கினார், 1000 புத்தாண்டில் டப்ளினைச் சூறையாடினார். அதற்குப் பிறகு திறை, பிணைக்கைதிகள். பதிமூன்று ஆண்டு பொறுத்திருந்து எழுந்தார்கள்.

கோர்ம்லாவைப் பிரையன் மணந்தது அந்தப் போருக்குப் பிறகுதான் என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மகன் டொனஹா 1014-இல் தனிப்படையோடு லைன்ஸ்டரின் தென்பகுதியில் கொள்ளையடித்துக்கொண்டிருந்தான். குளோன்டார்ஃபில் அவன் இல்லாததற்குக் காரணமே அதுதான். 1000-க்குப் பிறகு பிறந்த பையனிடம் படையைக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். திருமணத்தை 990-களுக்கு இழுங்கள்.

அந்த டொனஹாவுக்கு மால் மோர்தா தாய்மாமன். சிட்ரிக் ஒரு வயிற்று அண்ணன், ஸ்லானியைக் கட்டியதால் மச்சானும் அவனே. இந்த உறவைச் சொல்ல வேறு மொழியில் ஒரு பத்தி வேண்டும், நமக்கு ரெண்டு சொல் போதும்.

சிட்ரிக்குக்கு ஒரே கட்டம், இரண்டு கோடு. கட்டத்தை இரட்டிக்காதீங்க, இரட்டித்தால் பார்க்கிறவர் இரண்டு ஆள் என்று நினைப்பார்.

#11 ஓலைமாறன்

இரண்டு மாஹன் விஷயம் பாக்கி இருக்கிறது. இந்தப் படத்திலேயே மிக நுட்பமான முடிச்சு இதுதான்.

பிரையனின் அண்ணன் மாஹன் கேஷலைப் பிடித்தவர். கேஷல் அதுவரை ஓகனாக்டா குடியின் தலைநகரம். பிரையனின் குடியான டால் காஷ் அங்கே புதியவர்கள். 976-இல் மாஹனை டோனுவன் என்ற அரசன் வஞ்சமாகப் பிடித்துக் கொடுக்க, ஓகனாக்டா கிளைத் தலைவன் மால் முவத் கொன்றான். பிரையன் அரசரானார். 977-இல் ஸ்காட்டரித் தீவில் லிமெரிக்கின் வைக்கிங் அரசன் ஐவர் என்பவனையும் அவன் மகன்களையும் முடித்தார். 978-இல் பெலாக் லெக்டா போரில் மால் முவத் செத்தான்.

இத்தனைக்கும் பிறகு பிரையன் செய்தது: தன் மகள் சைவை மால் முவத்தின் மகன் கியானுக்குக் கட்டிக்கொடுத்தார். (சைவ் என்று எழுதினால் நம்மவர்களுக்குச் சைவம் நினைவு வரும். ஐரிஷில் அது பழைய பெண்பெயர்.)

அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் மாஹன். கொன்றவனின் பேரனுக்குக் கொல்லப்பட்டவன் பெயர். பெண் வீட்டுப் பெயர், சைவின் பெரியப்பா பெயர். அந்த இரண்டாம் மாஹன் வழி வந்தவர்கள்தான் ஓ'மாஹனி குடும்பத்தார். ஓ'மாஹனியை டால் காஷ் பக்கம் போட்டுவிடாதீர்கள். அவர்கள் ஆண்வழியில் ஓகனாக்டா. பெயர் மட்டும் பெண்வழியில் வந்தது. பெயரை வைத்துக் குடியை முடிவுகட்டும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

கியானும் அவன் சகோதரர்கள் இருவரும் 1014-இலேயே இறந்தார்கள், குளோன்டார்ஃபில் இல்லை. அது முடிந்த சூட்டோடு ஓகனாக்டாவின் இன்னொரு கிளையோடு நடந்த சண்டையில். சைவ் 1048 வரை இருந்தாள்.

#12 செங்கழுநீர்

இதைக் கவனிக்கவே இல்லை. பேரன் மாஹனை முரஹாவின் மகன் என்று போட்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.

அடுத்து 1014-க்குப் பிந்தைய பகுதி. டைக், டொனஹா என்று இரண்டு மகன்கள் மிஞ்சுகிறார்கள். மூத்தவனுக்குப் பட்டம் என்ற முறை இல்லையா?

#13 ஓலைமாறன்

இல்லை. மூத்தவன், பட்டத்தரசி மகன் என்ற கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. கொள்ளுத்தாத்தா ஒருவரிலிருந்து ஆண்வழியில் இறங்கும் நான்கு தலைமுறைச் சுற்றத்தில் எவனும் அரசனாகலாம். தாய் முதல் மனைவியா, இரண்டாமவளா என்பது தடையில்லை. ஆள்பலம் யாருக்கு, தாய்வீடு யாருக்குத் துணை, அதுதான் முடிவு செய்யும். அதனால் ஒருவருக்குப் பல மனைவி என்றால் அடுத்த தலைமுறையில் ரத்தம்.

டைக் எக்ராவின் மகன், டொனஹா கோர்ம்லாவின் மகன். ஒரு தகப்பன், வேறு தாய். சில ஆண்டு முறைத்துக்கொண்டும் சேர்ந்தும் இருந்தார்கள். 1023-இல் டொனஹாவின் தூண்டுதலில் ஏலி குடியார் டைக்கைக் கொன்றார்கள்.

டைக்கின் மகன் டர்லோ 1009-இல் பிறந்தவன், அப்போது பதினான்கு வயது. அவனை வளர்த்து ஆளாக்கியவன் லைன்ஸ்டர் அரசன் டியர்மிட். டியர்மிடின் மனைவி டெர்வர்கில். அவள் யார்? டொனஹாவின் மகள். மருமகனே மாமனாருக்கு எதிராக, மாமனார் கொன்ற அண்ணனின் மகனைத் தூக்கிப் பிடித்தான். இந்தக் கோட்டைத் தவறாமல் போடுங்கள். இது இல்லாமல் 1063 புரியாது.

1063-இல் டொனஹாவைத் தள்ளிவிட்டு டர்லோ மன்ஸ்டரை எடுத்தார், வயது 54. டொனஹா ரோமாபுரிக்குப் போய் 1064-இல் அங்கே இறந்தார். டர்லோ 1086-இல் கில்லலோவில் இருந்த கின்கோரா அரண்மனையில் இறந்தார்.

#14 புதுக்கரை

சில சின்னக் கேள்விகள். ட்ரினிட்டி கல்லூரியில் இருக்கும் "பிரையன் போரு யாழ்" அவருடையதுதானே? கில்லலோவில் வருஷம் 365 பீப்பாய் ஒயின் திறையாக வந்ததாகச் சொல்கிறார்களே? கென்னடி குடும்பத்துக்கும் இவருக்கும் சம்பந்தமா?

#15 கடலோரம்

யாழ்: இல்லை. அந்தக் கருவி 14, 15-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. பிரையன் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல். பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

ஒயின்: லிமெரிக்கிலிருந்து 365, டப்ளினிலிருந்து 150 என்று பிற்காலச் செய்யுள் ஒண்ணு பட்டியல் போடும். நாளுக்கு ஒண்ணு வர்ற மாதிரி எண்ணைப் பார்த்தாலே பாட்டுக்கணக்கு என்று தெரியும். லிமெரிக், டப்ளின் ரெண்டும் துறைமுகம், ஒயின் அங்கேதான் இறங்கும். உள்நாட்டுக் குடிகள் மாடும் பன்றியும் கொடுத்தாங்க. வகையை நம்பலாம், எண்ணிக்கையை விட்டுடுங்க. எண் வேணும் என்றால் அர்மா பீடத்தில் 1005-இல் அவர் வெச்ச பொன் இருக்கு: 20 அவுன்ஸ், இன்றைய எடையில் அரைக் கிலோவைச் சுற்றி. ஒரு மன்னன் காணிக்கைக்கு நம்பக்கூடிய அளவு.

"போரு" என்ற அடைமொழியைத் திறைமாடு என்ற சொல்லோடு சேர்த்துப் பேசுறவங்க உண்டு. கில்லலோவுக்கு வடக்கே ஷனான் கரையில் பேல் போரு என்று ஒரு மண்கோட்டை இருக்கு, ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுது. 1116-இல் கொனாக்ட் படை அதை அழிச்சது. 1961-இல் அகழாய்வு நடந்தது.

கென்னடி: பெயர் சம்பந்தம் உண்டு. அப்பா பெயர் கென்னேட்டி. பிரையனின் சகோதரன் டொன் குவனின் மகனுக்கும் அதே பெயர்; ஓ'கென்னடி குடி அந்த மகன் வழி. பிரையன் வழி இல்லை. நம் ஊரில் பிள்ளைக்குக் கென்னடி என்று பெயர் வெச்சவங்களுக்குத் தெரியாது, ஆயிரம் வருஷத்து வட மன்ஸ்டர் அரசன் பெயர் அது என்று.

மரபணுச் சோதனை பற்றி யாராவது கேட்கும் முன்னால்: எல்226 என்ற ஆண்வழிக் குறியை டால் காஷ் குடும்பப் பெயர்காரர்களிடம் அதிகம் பார்க்கலாம். அந்தக் குறி இருந்தால் அந்தக் குடிச் சுற்றம் என்று சொல்லலாம், பிரையனின் வாரிசு என்று சொல்ல முடியாது. அவருடைய அண்ணன் தம்பிகள், சித்தப்பன் பெரியப்பன் எல்லோருக்கும் அதே குறிதான்.

#16 செங்கழுநீர்

திருத்திய வடிவம் இப்படி வந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

பிரையன் நடுவில். இடப்பக்கம் மனைவிகளுக்கு நான்கு பட்டை, ஒவ்வொன்றின் தலையிலும் பிறந்தகம். பிள்ளைகள் தாயின் பட்டைக்கு நேர்கீழே, தகப்பனுக்குக் கீழே அல்ல. அதனால் டைக்கும் டொனஹாவும் தனித்தனிப் பட்டையில் விழுகிறார்கள். 1023-ஐ ஒரு சிவப்பு அம்பில் காட்ட முடிகிறது. சிட்ரிக் ஒரே கட்டம்: கோர்ம்லாவிலிருந்து ஒரு கோடு, ஸ்லானியிலிருந்து ஒரு கோடு. சைவிலிருந்து கியானுக்கு ஒன்று, அதன் கீழே இரண்டாம் மாஹன். ஓர்லா மேல்வரிசையில், தாராவை நோக்கி. டொனஹாவிலிருந்து டெர்வர்கில், அவளிலிருந்து டியர்மிட், டியர்மிடிலிருந்து டர்லோவுக்கு "வளர்ப்பு" என்று இரட்டைக்கோடு.

ஆண்டுகள் எல்லாம் திருத்திய கணக்கு. பிறப்பு 941, முரஹாவின் வயது 63-ஐ நீக்கியாகிவிட்டது. மால் செக்னலுடன் கோர்ம்லா: புள்ளிக்கோடு.

அடக்கம் பற்றி ஓரத்தில் ஒரு குறிப்பு: அர்மாவின் தலைமைத் துறவி மால் முரா டப்ளின் அருகே ஸ்வோர்ட்ஸ் என்ற ஊர் வரை வந்து பிரையன், முரஹா உடல்களையும், கொனாங், மொஹ்லா தலைகளையும் எடுத்துப்போனார். பன்னிரண்டு இரவு விழித்திருந்து புதுக் கல்லறையில் வைத்தார்கள்.

#17 தேன்மொழி

நல்லா வந்திருக்கு. கொனாங் யார் என்று கட்டம் இல்லை: பிரையனின் சகோதரன் டொன் குவன் மகன். அவன் தலையை மட்டும் பிரையனோடு ஏன் எடுத்துப்போனார்கள் என்று படத்தைப் பார்த்தே புரிய வேண்டும், சேர்த்துடுங்க. மொஹ்லா தேசி குடி அரசன், உறவில் இல்லை. அவனைக் குறிப்பில் மட்டும் வையுங்கள்.

பிரையனின் மகள் பேவினும் விட்டுப்போச்சு. 1073 வரை இருந்தவள், பாட்டி பெயரைச் சுமந்தவள். இரண்டு பேவினையும் குழப்பாமல் இருக்க ஆண்டைக் கூடவே எழுதுங்க.

#18 ஓலைமாறன்

மால் செக்னல் கட்டத்தில் 1002-உடன் நிறுத்தியிருக்கிறீர்கள், அத்லோனில் பிரையனுக்குப் பணிந்ததோடு. பிரையன் இறந்ததும் அவர் மறுபடி அரசரானார். முடிவு ஆண்டு 1022, எனல் ஏரித் தீவில். அதைச் சேர்த்தால் டைக் கொலைக்கும் அதற்கும் இடையில் ஒரே ஆண்டு என்பது தெரியும்.